தைப்பே ஆசிரியர் பள்ளியில் பேஸ்பால்: 1906-இன் முதல் ஆட்டமும் களத்தில் இல்லாத மாணவர்களும்

1906-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் தைப்பே நகரில் இரண்டு மாணவர் அணிகள் பேஸ்பால் ஆடின. தைவான் அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஒரு பக்கம், அந்த ஆட்சியின் தலைமை ஆளுநரகம் நடத்திய தேசிய மொழிப் பள்ளியின் இடைநிலைப் பிரிவு மாணவர்கள். எதிர்ப்பக்கம், அதே பள்ளியின் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு மாணவர்கள். ஆட்டம் 5-5 என்று சமநிலையில் முடிந்தது. தைவானில் நடந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் பேஸ்பால் போட்டி இதுதான். 2006-இல் அந்தத் தீவு தன் பேஸ்பால் நூற்றாண்டைக் கொண்டாடியபோது இங்கிருந்துதான் ஆண்டுக் கணக்கை எண்ணியது.

விளையாட்டு வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் இந்த ஆட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, 1931-இல் தைவானியப் பள்ளி அணி ஒன்று அகில ஜப்பான் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போன பெரிய கதைக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு இந்த ஒரு வரியிலேயே நிற்கத் தோன்றுகிறது. காரணம், ஆட்டம் தொடங்கிய இடம் ஓர் ஆசிரியர் பள்ளி. ஆசிரியர் பள்ளியில் வேர்விடும் விளையாட்டு வேகமாகப் பரவியிருக்க வேண்டும். அங்கே படிக்கிற ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வருடத்தில் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறவர்கள். போன இடத்தில் ஐம்பது பிள்ளைகள் அவர்கள் கையில் இருப்பார்கள். அப்படியிருந்தும் தைவானிய மாணவர்களிடம் பேஸ்பால் உண்மையாகப் போய்ச் சேர ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தின் காரணம் அந்தப் பள்ளியின் அமைப்பிலேயே இருந்தது என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே விரித்துப் பார்க்கிறேன்.

ஒரே வளாகம், இரண்டு வாசல்

சீனாவுடன் நடந்த போரின் முடிவில், 1895-இல், தைவான் ஜப்பான் கைக்கு வந்தது. புதிய ஆட்சியின் கல்விப் பொறுப்பை ஏற்று வந்தவர் இசவா ஷூஜி. இறங்கிய அதே ஆண்டில் தைப்பேக்கு வடக்கே ஜிஷான்யென் குன்றில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். 1896 ஜனவரி 1 அன்று, ஆட்சியை எதிர்த்து எழுந்த உள்ளூர்க்காரர்கள் அங்கிருந்த ஆறு ஜப்பானிய ஆசிரியர்களைக் கொன்றார்கள். இசவா அப்போது ஜப்பானில் இருந்ததால் தப்பினார். அதே ஆண்டில் உருவானதுதான் தேசிய மொழிப் பள்ளி. தேசிய மொழி என்று அவர்கள் சொன்னது ஜப்பானிய மொழியை.

இந்த இசவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பேஸ்பாலின் வழித்தடத்தில் அவர் தற்செயலாக வந்து நிற்பவர் இல்லை. 1875-இல் ஜப்பானிய அரசு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியர் பள்ளியில் படித்தார். ஊர் திரும்பிய பிறகு, 1878-இல் தோக்கியோவில் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பாளராக இருந்தவர் இவர்தான். அங்கே கற்பிக்க ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலிருந்து ஜார்ஜ் லீலண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் வரவழைக்கப்பட்டார். மரக்குண்டு, கோல் வைத்துச் செய்யும் இலகுவான உடற்பயிற்சிதான் லீலண்டின் பாடம். அதோடு பேஸ்பாலையும் அவர் மாணவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த சுபோய் கெந்தோ, 1885-இல் வெளியிட்ட வெளிப்புற விளையாட்டுக் கையேட்டில் பேஸ்பாலையும் சேர்த்தார். இங்கே பயிற்சி பெற்றவர்கள் பல மாகாணங்களின் ஆசிரியர் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனார்கள், ஆட்டமும் அவர்களோடு போனது.

ஆகவே ஜப்பானுக்குள் பேஸ்பால் பரவியதில் ஆசிரியர் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 1872-ஐ ஒட்டி ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தோக்கியோவில் தன் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததை எல்லோரும் குறிப்பிடுவார்கள். அந்த ஒரு பள்ளியிலிருந்து மாகாணங்களுக்கு ஆட்டத்தைச் சுமந்து போன பலருள் சம்பளத்துக்கு ஊர் ஊராக மாறிப்போன ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

தைவானில் இசவா நிலைக்கவில்லை. 1897-இலேயே பதவியை விட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு பள்ளி வளர்ந்த விதம்தான் நம் கதைக்கு முக்கியம். 1902 முதல் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் வகுப்பு ஜப்பானியருக்கு, இரண்டாம் வகுப்பு தைவானியருக்கு. முதல் வகுப்பில் படித்தவர்கள் ஜப்பானியக் குழந்தைகளின் தொடக்கப் பள்ளிகளிலும், தைவானியக் குழந்தைகளுக்கான பொதுப்பள்ளிகளிலும் வேலை பார்க்கலாம். இரண்டாம் வகுப்புக்காரர்களுக்குப் பொதுப்பள்ளி மட்டும்தான். இதுபோக, தைவானில் குடியேறிய ஜப்பானியர்களின் பிள்ளைகளுக்கென்று இடைநிலைப் பிரிவு ஒன்று அதே பள்ளியின் கீழ் இருந்தது. அது 1907-இல் தனிப் பள்ளியாகப் பிரிந்தது. இன்றைய ஜியாங்குவோ உயர்நிலைப் பள்ளி அதன் வாரிசு.

1905 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தைவானில் சுமார் 30 லட்சம் பேர். அவர்களில் ஜப்பானியர் சுமார் 57 ஆயிரம். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முதல் ஆட்டத்தின் இரு அணிகளும் அந்தச் சிறு கூட்டத்திலிருந்து வந்தவை.

1906-இல் ஏன்?

பள்ளி தொடங்கிப் பத்து வருடம் கழித்துத்தான் அங்கே அணி உருவாகிறது. பள்ளியின் தலைவர் தனாகா கெயிச்சியின் ஊக்கத்தில் முதலில் இடைநிலைப் பிரிவு மாணவர்கள் அணி சேர்த்தார்கள், பின்னாலேயே ஆசிரியர் பிரிவும் சேர்ந்துகொண்டது. அந்த நேரத்தில் ஜப்பானில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் காலம் பொருந்தும்.

1896 மே மாதம் தோக்கியோவின் முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், யோகோஹாமாவில் இருந்த வெளிநாட்டார் அணியை 29-4 என்று வீழ்த்தினார்கள். அதுவரை தங்கள் மைதானத்துக்குள் ஜப்பானியரை விடாமலிருந்த அணி அது. அந்த வெற்றிக்குப் பிறகு பேஸ்பால் தெரியாத ஜப்பானிய மாணவன் இல்லை என்ற நிலை வந்தது. 1903-இல் வாசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்களின் மோதல் தொடங்கியது. 1905-இல், ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வாசேதா அணி பேராசிரியர் அபே இசோவின் தலைமையில் அமெரிக்கா போனது. 26 ஆட்டங்களில் 7 வெற்றி, 19 தோல்வி. ஆனால் அவர்கள் கற்று வந்தது நிறைய. பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையை நீட்டி மெல்லத் தட்டி விடுவது, பந்து வீசுவதற்கு முன் கையைச் சுழற்றி உடல் வேகத்தைச் சேர்ப்பது, அணி முழுதும் கூடிச் செய்யும் முறையான பயிற்சி. இவை எல்லாம் திரும்பி வந்த சில மாதங்களில் மாணவர்களிடையே பரவின.

1906-இல் தைப்பேயில் ஆடிய பையன்கள் இந்த அலை எழுந்தபோது வளர்ந்தவர்கள். பலர் ஜப்பானில் சிறுவயதைக் கழித்துவிட்டுப் பெற்றோரோடோ, வேலை தேடியோ கடல் கடந்து வந்தவர்கள். தைவான் அவர்களுக்குப் புது ஊர். வெயிலும் மலேரியாவும் பழகாத ஊர். ஊரில் விட்டு வந்ததைக் கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவரும் வழியாக அவர்களுக்கு இந்த ஆட்டம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பேஸ்பால் ஆட ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். இரு அணியும் மாறி மாறி அடித்து ஒன்பது சுற்று. நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். சுற்று முடிந்தும் சமமாக நின்றால் வழக்கமாகக் கூடுதல் சுற்று ஆடுவார்கள் என்பதால் இந்த ஆட்டத்தில் சமநிலை அபூர்வம். அடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவருக்கு முகத்தில் கம்பிக் கூண்டும் கையில் தடித்த தோல் உறையும் வேண்டும். பந்தோ தோல் தைத்த கெட்டிப் பந்து. இவை எதுவும் அன்றைய தைப்பேக் கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைக்கிற பண்டங்கள் இல்லை, ஜப்பானிலிருந்து கப்பலில் வரவேண்டியவை. ஆட்டத்தைத் தொடங்குவதற்கே காசும் கடல்வழித் தொடர்பும் தேவைப்பட்டன.

எதிரெதிரே நின்றவர்களின் வயதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பிரிவின் முதல் வகுப்பில் இருந்தவர்கள் இடைநிலைப் படிப்பில் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்து வந்த இளைஞர்கள். இடைநிலைப் பிரிவில் இருந்தவர்கள் அவர்களைவிடச் சிறியவர்கள். அந்தச் சிறியவர்கள் பெரியவர்களை ஐந்துக்கு ஐந்தில் நிறுத்தியது சின்ன விஷயமில்லை. விரைவிலேயே மூன்றாவதாக, இரவு வகுப்பில் படித்தவர்கள் ஓர் அணி சேர்த்தார்கள். அப்புறம் வங்கி, அரசு அலுவலகம், ரயில்வே என்று வேலை செய்யும் ஜப்பானியர்கள் அணி கட்டத் தொடங்கினார்கள்.

இரண்டாம் வகுப்பு மாணவன் எங்கே?

அதே ஆசிரியர் பள்ளியில், அதே ஆண்டில், தைவானிய மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் களத்தில் இல்லை. பேஸ்பாலின் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தைவானில் ஆடியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஜப்பானியர்கள்.

இதற்குத் தைவானியருக்கு ஆர்வமில்லை என்ற விளக்கம் வழக்கமாகச் சொல்லப்படும். அரைகுறையான விளக்கம் அது. ஆர்வம் என்பது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. உடற்பயிற்சி வகுப்பு என்றால் ஒரு தைவானியக் குடும்பத்துக்கு அன்று என்ன தோன்றியது என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானில் 1886-இல் கல்வி அமைச்சர் மோரி அரினோரி ஆசிரியர் பள்ளிகளை ஏறக்குறைய படைமுகாம் மாதிரி மாற்றி அமைத்தார். விடுதி வாழ்க்கை, சீருடை, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் படுப்பது, துப்பாக்கி தாங்கிச் செய்யும் படைப்பயிற்சி. ஆசிரியராக வருகிறவனுக்குப் பணிவு, தோழமை, கம்பீரம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டது. படிப்புச் செலவை அரசே ஏற்கும். பதிலுக்கு, முடித்தபின் குறிப்பிட்ட காலம் அரசு சொல்லும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். தைவானுக்கு வந்தது இந்த மரபில் வந்த பள்ளிதான்.

ஏற்கெனவே நாட்டைப் பிடித்த படையின் ஆட்கள் தன் மகனை வரிசையில் நிறுத்தி, கை காலை வீசச் சொல்வதைப் பார்க்கும் தகப்பனுக்கு ஒரே பயம்தான்: நாளைக்கு இவனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ? தொடக்க ஆண்டுகளில் பொதுப்பள்ளி உடற்பயிற்சியைப் பெற்றோர் இப்படிச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இன்னொரு பக்கம், படித்த குடும்பங்களில் பழைய சீனக் கல்விமுறையின் மதிப்புகள் வலுவாக இருந்தன. நீண்ட அங்கியும் தூரிகையும் படித்தவனின் அடையாளம். புழுதியில் ஓடி விழுவது அவனுக்கு அழகில்லை. தலையில் பின்னல் சடை வைத்திருந்த காலம் வேறு. சடை வெட்டும் இயக்கம் தைப்பேயில் சூடுபிடித்தது 1911-ஐ ஒட்டித்தான்.

இத்தனையும் உண்மை. ஆனாலும் இவை பேஸ்பாலுக்கு மட்டும் உரிய தடைகள் இல்லை. மேலைநாட்டு இசைக்கும் இதே தடைகள் இருந்தன, ஓவியத்துக்கும் இருந்தன. அதே தேசிய மொழிப் பள்ளியில் நீர்வண்ண ஓவியம் கற்பித்த இஷிகாவா கின்இச்சிரோவிடம் தைவானிய மாணவர்கள் ஆவலோடு கற்றார்கள். சியாயி ஊரிலிருந்து 1913-இல் அங்கே சேர்ந்த சென் செங்-போ பிற்காலத்தில் தைவானின் பெரும் ஓவியர்களில் ஒருவரானார். சிற்பி ஹுவாங் து-ஷுய் அதே பள்ளியில் 1915-இல் படிப்பை முடித்தவர். கையில் தூரிகையைக் கொடுத்தவுடன் தைவானிய மாணவன் கற்றுக்கொண்டான். மட்டையை யார் கொடுத்தது?

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஓவியம் வகுப்பறையில் பாடமாக வந்தது. எல்லா வகுப்புக்கும் உண்டு. பேஸ்பால் வகுப்புக்கு வெளியே, நண்பர் குழாமாக வந்தது. நண்பர் குழாம் விடுதி அறையையும் பேச்சு மொழியையும் பின்பற்றித்தான் அமையும். ஜப்பானியரும் தைவானியரும் தனித்தனி வகுப்பு, தனித்தனி எதிர்காலம் என்று பிரித்து வைக்கப்பட்ட பள்ளியில், வகுப்புக்கு வெளியே நடக்கும் ஒன்பது பேர் ஆட்டம் அந்தப் பிரிவை அப்படியே தாங்கிக்கொண்டது. யாரும் தடை உத்தரவு போடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆட்டத்தைக் கண்டித்த இருவர்

1911-இல் தோக்கியோ அசாகி நாளிதழ் பேஸ்பாலின் தீமைகளைப் பற்றிப் பெரியதொரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது. அதில் கண்டனம் தெரிவித்தவர்களில் இருவருக்குத் தைவானோடு நேரடித் தொடர்பு இருந்தது. ஒருவர் நிதோபே இனாசோ. தைவானின் சர்க்கரைத் தொழிலை உருவாக்கிய அதிகாரி, பிறகு தோக்கியோ முதல் உயர்நிலைப் பள்ளியின் தலைவர். எதிரியை ஏமாற்றி, அவன் பார்க்காதபோது மூலையைத் திருடி ஓடும் ஆட்டம் என்றும், ஜேப்படிக்காரனின் விளையாட்டு என்றும் அவர் பேஸ்பாலைச் சாடினார். மற்றவர் தளபதி நோகி மரெசுகே, 1896 முதல் 1898 வரை தைவானின் தலைமை ஆளுநர். பெருங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அப்போது தலைவராக இருந்த அவர், இந்த ஆட்டம் மாணவர்களின் நேரத்தை அளவுக்கு மீறி விழுங்குகிறது என்றார்.

எனக்கு நோகியின் குறை நியாயமாகவே படுகிறது. ஆசிரியராகப் போகிறவனுக்குப் படிக்க நிறைய இருக்கிறது. நிதோபேயின் குறையில் ஆட்டத்தைப் பார்க்கத் தெரியாத ஒருவரின் அவசரம் தெரிகிறது. அடுத்த மூலைக்கு ஓடுகிறவன் பந்து வீசுகிறவனின் தோளை, காலை, மூச்சை நொடிப்பொழுதில் படித்துவிட்டுத்தான் ஓடுகிறான். கூர்ந்து பார்க்கும் பழக்கம் ஆசிரியனுக்கும் வேண்டியதுதானே.

கண்டனம் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அதே நிறுவனத்தின் ஒசாகா நாளிதழ் 1915-இல் அகில ஜப்பான் இடைநிலைப் பள்ளிப் போட்டியைத் தொடங்கியது. அதே 1915-இல் தைவானின் வடபகுதி பேஸ்பால் சங்கம் உருவானது. 1917 கடைசியில் வாசேதா அணி தைவானுக்கு வந்து ஆடியது. உள்ளூர் அணிகள் பெரிய ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தன.

ரப்பர் பந்தும் 1922 சட்டமும்

ஆட்டம் தைவானியப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு விஷயங்களைக் குறிப்பாகச் சொல்வேன். இரண்டும் பள்ளிக்கூடம் சார்ந்தவை.

முதலாவது பந்து. 1910-களின் கடைசியில் கியோத்தோவில் சிறுவர்களுக்கென்று ரப்பர் பந்து உருவாக்கப்பட்டது. தோல் தைத்த கெட்டிப் பந்து எட்டு வயதுப் பையனின் விரலை உடைக்கும், ஜன்னலை உடைக்கும். விலையும் அதிகம். மழையில் நனைந்தால் ஊறிக் கனக்கும், தையல் பிரியும். ரப்பர் பந்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பட்டால் வலிக்கும், எலும்பு முறியாது. கையுறை இல்லாவிட்டாலும் பிடிக்கலாம். மழை அதிகமான தைவானில் ஈரத் தரையிலும் ஆடலாம். ஒரு பந்தும் ஒரு மரக்கட்டையும் இருந்தால் ஆசிரியர் ஒருவர் வகுப்பு முழுவதையும் ஆட வைத்துவிடுவார். 1920-களில் தைவானியக் குழந்தைகள் படித்த பொதுப்பள்ளிகளில் ரப்பர் பந்து பேஸ்பால் பரவியது இப்படித்தான். ஆசிரியர் பயிற்சியில் ஆட்டத்தைக் கற்றவனுக்கு, அதைப் பணம் இல்லாத ஊரில் நடத்தும் வழி அப்போதுதான் கிடைத்தது.

இரண்டாவது சட்டம். 1919-இல் வந்த கல்விச் சட்டத்தின்படி தேசிய மொழிப் பள்ளி தைப்பே ஆசிரியர் பள்ளியாகப் பெயர் மாறியது. 1922-இல் வந்த புதிய சட்டம், தொடக்க நிலைக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஜப்பானியரும் தைவானியரும் சேர்ந்து படிக்கலாம் என்றது. நடைமுறையில் நல்ல இடங்கள் பெரும்பாலும் ஜப்பானியருக்கே போயின, அது வேறு விஷயம். ஆனாலும் ஒரே பள்ளியின் பெயர் தாங்கிய ஒரே அணியில் இரு தரப்பும் நிற்பதற்கு முதல்முறையாக இடம் உண்டானது.

அந்தச் சட்டம் வந்த அதே காலத்தில் ஆசிரியர் பள்ளிக்குள்ளேயே புகைச்சல் இருந்தது. 1922 பிப்ரவரியில், சாலையில் எந்தப் பக்கம் நடப்பது என்பதில் காவலர் ஒருவரோடு தைவானிய மாணவர்களுக்குத் தகராறு முற்றி, பலர் கைது செய்யப்பட்டார்கள். 1924-இல் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்ற கேள்வியில் ஜப்பானிய மாணவர்களுக்கும் தைவானிய மாணவர்களுக்கும் கருத்து வேறுபட்டு, வகுப்புப் புறக்கணிப்பு வரை போனது. தைவானிய மாணவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் பள்ளியைவிட்டு நீக்கப்பட்டார்கள். நடைபாதை, சுற்றுலா என்று காரணங்கள் சின்னவைதான். உள்ளே கனன்றது வேறு: ஒரே படிப்பைப் படித்து, ஒரே வேலைக்குப் போய், குறைந்த சம்பளமும் குறைந்த மரியாதையும் வாங்கப் போகிறோம் என்ற அறிவு. தீவின் முதல் பேஸ்பால் அணிகளில் ஒன்று பிறந்த வளாகத்தில், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இரு தரப்பு மாணவர்கள் ஒரு சுற்றுலாவுக்குக்கூடச் சேர்ந்து போக முடியவில்லை.

தலைநகருக்கு வெளியே

கலந்து ஆடிய அணிகள் தைப்பேயிலிருந்து வராததில் எனக்கு வியப்பில்லை. 1923-இல் தைவானுக்கும் அகில ஜப்பான் போட்டியில் ஓர் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு தைப்பே முதல் இடைநிலைப் பள்ளி போனது. பழைய தேசிய மொழிப் பள்ளியின் இடைநிலைப் பிரிவுதான் அது, 1906-இல் ஆசிரியர் மாணவர்களைச் சமநிலையில் நிறுத்திய அதே பள்ளி. 1930 வரை தைப்பே பள்ளிகளே மாறி மாறிப் போயின. அணிகள் பெரும்பாலும் ஜப்பானிய மாணவர்களால் ஆனவை.

கிழக்குக் கரையில் ஹுவாலியன் பகுதியில் லின் குய்-ஷிங் என்பவர் 1921-ஐ ஒட்டி அமிஸ் பழங்குடி இளைஞர்களை ஓர் அணியாகச் சேர்த்தார். உள்ளூர் வேளாண் பள்ளி ஒன்றோடு இணைந்து, நோகோ என்ற பெயரில் அந்த அணி 1925-இல் ஜப்பான் சென்று ஆடியது. அந்த இளைஞர்கள் சிலர் கியோத்தோவின் ஹெய்யான் இடைநிலைப் பள்ளியில் தங்கிப் படித்து அங்கேயும் ஆடினார்கள்.

தெற்கே சியாயி வேளாண் வனவியல் பள்ளி, ஜப்பானிய வாய்வழக்கில் கானோ. 1919-இல் தைவானியருக்காகத் தொடங்கப்பட்டு, 1922 சட்டத்துக்குப் பிறகு கலப்புப் பள்ளியானது. 1928-இல் அணி உருவாயிற்று. பயிற்சியாளர் கோந்தோ ஹ்யோதாரோ மத்சுயாமா வணிகப் பள்ளியிலிருந்து வந்தவர். ஜப்பானியன், சீன வழித் தைவானியன், பழங்குடி என்று பாராமல் திறமையை மட்டும் பார்த்து ஆள் எடுத்தார். 1931-இல் ஜுவோஷுய் ஆற்றுக்குத் தெற்கேயிருந்து தைவானின் வெற்றிக்கோப்பையை வாங்கிய முதல் பள்ளி கானோதான். அகில ஜப்பான் போட்டி நடந்த கோஷியென் மைதானத்தில் கனகாவா அணியை 3-0, சப்போரோவை 19-7, கொக்குராவை 10-2 என்று வென்று, இறுதியில் சுக்யோ வணிகப் பள்ளியிடம் 0-4 என்று தோற்றது. பந்து வீசியவர் வூ மிங்-ஜியே. இறுதி ஆட்டத்தில் இறங்கிய ஒன்பது பேரில் மூவர் ஜப்பானியர், இருவர் சீன வழித் தைவானியர், நால்வர் பழங்குடியினர்.

ஜப்பானிய எழுத்தாளர் கிகுச்சி கான் இந்த மூவின ஒற்றுமையைக் கண்டு உருகி நாளிதழில் எழுதினார். அந்த உருக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. அதற்குப் பத்து மாதம் முன்பு, 1930 அக்டோபர் 27 அன்று, மத்திய மலைப்பகுதியின் வூஷெ ஊரில் பொதுப்பள்ளி விளையாட்டு விழா நடந்துகொண்டிருக்கும்போது சீதிக் பழங்குடியினர் எழுந்து 130-க்கும் மேற்பட்ட ஜப்பானியரைக் கொன்றார்கள். ஆட்சி அதைக் கொடூரமாக அடக்கியது. கானோவின் ஆட்டத்தை ஆட்சியாளர்கள் கொண்டாடியதில், வூஷெயை மறக்க வைக்கும் அவசரமும் இருந்தது. மாணவர்கள் அந்தக் கணக்கில் ஆடியவர்கள் இல்லை. அவர்கள் பந்தை அடித்தார்கள், ஓடினார்கள், நன்றாக ஆடினார்கள்.

கானோவின் பழங்குடி ஆட்டக்காரர்கள் தென்கிழக்கே தைதுங் பகுதியிலிருந்து வந்தவர்கள். அங்கே பொதுப்பள்ளிச் சிறுவர்கள் ஏற்கெனவே பந்தோடு பழகியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பூயுமா இனத்தைச் சேர்ந்தவர். அணியில் உவேமத்சு கோஇச்சி என்ற ஜப்பானியப் பெயரில் ஆடினார். ஜப்பானில் மேற்படிப்பு முடித்து ஊர் திரும்பினார். போருக்குப் பிறகு சென் கெங்-யுவான் என்ற சீனப் பெயரோடு தைதுங் வேளாண் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1906-இல் ஆசிரியர் பள்ளி செய்திருக்க வேண்டிய வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன்: ஆடத் தெரிந்த ஒருவர், தன் ஊர்ப் பிள்ளைகளின் மொழி அறிந்த ஒருவர், அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போய் நிற்பது. அதைத் தைப்பே செய்யவில்லை. ஒரு வேளாண் பள்ளி செய்தது.

பின்னாளில் தைதுங் மாவட்டம் தைவான் பேஸ்பாலின் விளைநிலமானது. 1968-இல் அங்குள்ள ஹோங்யே மலைக்கிராமத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள், ஜப்பானின் வகாயாமாவிலிருந்து வந்த அணியை 7-0 என்று வென்றதும் தீவு முழுவதும் சிறுவர் பேஸ்பால் பித்துப் பிடித்தது. தைவானின் 500 டாலர் நோட்டில் தொப்பியை வீசி ஆர்ப்பரிக்கும் சிறுவர்கள் தைதுங்கின் நான்வாங் தொடக்கப் பள்ளி அணியினர். நான்வாங் பூயுமா மக்கள் வாழும் ஊர்.

தைப்பே ஆசிரியர் பள்ளி 1927-இல் இரண்டாகப் பிரிந்தது. முதல் ஆசிரியர் பள்ளியின் வழிவந்த கல்வியியல் பல்கலைக்கழகம் 2013-இல் நகரின் உடற்கல்விக் கல்லூரியோடு இணைந்து தைப்பே பல்கலைக்கழகமானது. இன்று அங்கே ஆசிரியராகப் படிப்பவரும் ஆட்டக்காரராகப் பயில்பவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கிறார்கள். 1906-ஐ அவர்கள் நினைவுகூரும்போது, அணிப் பட்டியலோடு அந்த ஆண்டின் இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அன்று ஆடாதவர்களின் பெயர்கள் அதில்தான் இருக்கும்.